கேமரா பதிவுசெய்யும், பக்கத்து வீடு ஓடிவரும்

சென்னையிலும் அதன் புறநகர்களிலும் உள்ள குடியிருப்போர் நலச் சங்கங்களின் வரவு செலவுக் கணக்கில் பெரும்பாலும் இரண்டு தலைப்புகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஒன்று பாதுகாப்பு: கேமரா, தெருமுனை கேட், இரவுக் காவலாளி சம்பளம். இன்னொன்று நிகழ்ச்சிகள்: பொங்கல் விழா, மார்கழிக் கோலப் போட்டி, கண் பரிசோதனை முகாம், சுதந்திர தினக் கொடியேற்றம். சந்தா சரியாக வசூலாகாத ஆண்டில், பொதுக்குழுவில் யாராவது ஒருவர் எழுந்து, ‘சேர் வாடகைக்கும் பரிசுப் பாத்திரத்துக்கும் காசைக் கரைக்காமல் இன்னும் இரண்டு கேமரா மாட்டலாமே’ என்பார். கைதட்டல் கிடைக்கும். நிகழ்ச்சிக் கணக்கில் கத்தி விழும். அந்த முடிவு தவறு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஒரு தெருவைப் பாதுகாப்பது அங்கே இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதுதான். அந்த அறிமுகத்தை உண்டாக்குபவை, வெட்டுவதற்கு முதலில் கைவைக்கப்படும் அந்த நிகழ்ச்சிகளே. அறிமுகம் இல்லாத தெருவில் கேமராவும் கேட்டும் செய்யக்கூடியது மிகக் குறைவு.

நம் ஊரில் இத்தகைய சங்கங்கள் எப்படி வளர்ந்தன என்று பார்த்தாலே இது ஓரளவு விளங்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்துவிடலாம். ஆனால் தெருவாரியாக மக்கள் கூடும் பழக்கத்துக்குச் சென்னையில் வேகம் கொடுத்தது குப்பைதான். 1989-இல் வங்கி அலுவலரான எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா அமைப்பு, ஒவ்வொரு தெருவையும் ஓர் அலகாகப் பிரித்தது. குப்பை பொறுக்கிப் பிழைத்துவந்த இளைஞர்களுக்கே மூன்று சக்கர வண்டியும் மாதச் சம்பளமும் கொடுத்து, வீடு வீடாகக் குப்பை சேகரிக்க வைத்தது. அந்தச் சம்பளத்துக்காக வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்க ஒருவர் மாதம்தோறும் எல்லாக் கதவுகளையும் தட்ட வேண்டியிருந்தது. கதவைத் தட்டியவருக்கு யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. கதவைத் திறந்தவர்களுக்குத் தெருவில் ஒரு முகம் தெரிந்தது. தெரு சுத்தமானது கண்ணுக்குத் தெரிந்த பலன் என்றால், இந்தப் பழக்கம் கணக்கில் வராத பலன்.

வெளிநாட்டு ஆய்வுகள் இதை எண்களோடு சொல்கின்றன. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ராபர்ட் சாம்ப்ஸன் தலைமையிலான ஆய்வாளர்கள் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் பேசி, 1997-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் எளிமையானவை. பள்ளிக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் சுற்றினால் பக்கத்து வீட்டார் ஏதாவது செய்வார்களா? இங்கே இருப்பவர்களை நம்பலாமா? ‘ஆமாம்’ என்ற பதில் அதிகமாக வந்த பகுதிகளில் வன்முறைக் குற்றம் குறைவாக இருந்தது. வறுமை, அடிக்கடி வீடு மாறுதல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. நெருங்கிய நட்பு அவசியம் என்றுகூட அந்த ஆய்வு சொல்லவில்லை. ஒருவருக்கொருவர் நம்பிக்கையும், ‘இது என் தெரு, நானும் கேட்கலாம்’ என்ற எண்ணமும் இருந்தாலே போதுமானதாக இருந்தது. 2017-இல் பாட்ரிக் ஷார்கியும் அவருடைய சகாக்களும் 264 அமெரிக்க நகரங்களின் இருபதாண்டுத் தரவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு லட்சம் பேருக்குப் பத்து உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் கூடுதலாக வந்தபோது, கொலை விகிதம் 9 சதவீதம் குறைந்ததாகக் கண்டார்கள். அந்த அமைப்புகளில் குற்றத் தடுப்புக்கென்றே இருந்தவை ஒரு பகுதிதான். பிள்ளைகளுக்கு விளையாட்டும் வேலைப் பயிற்சியும் நடத்தியவையும், குடியிருப்பைச் சீர்செய்தவையும் அந்தக் கணக்கில் அடக்கம்.

அதே சிகாகோவில் 1995 ஜூலையில் அடித்த வெப்ப அலை இன்னும் கூர்மையான சான்று. ஒரே வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் அதிகமாக இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அருகருகே இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் இரண்டிலும் ஏழை முதியவர்களும் தனியாக வாழும் முதியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தார்கள். வடக்கில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள்; தெற்கில் 4 பேர். வடக்கில் ஆலைகள் மூடி, கடைகள் மூடி, வீடுகள் இடிந்து காலி மனைகளாகக் கிடந்தன. முதியவர்கள் பயந்து கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். தெற்கில் கடைத்தெரு உயிரோடிருந்தது. வெயில் தாங்காத முதியவர் கடைக்கோ தேவாலயத்துக்கோ இறங்கி வர முடிந்தது, வராவிட்டால் ஏன் காணோம் என்று கேட்கவும் ஆள் இருந்தது. வெப்பம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கத்திரி வெயிலை ஆண்டுதோறும் காணும் நமக்கு இந்தக் கணக்கு நேராக மனத்தில் தைக்க வேண்டும்.

ஜப்பானின் கோபே நகரத்து மானோ பகுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1960-களில் ஆலைப் புகைக்கு எதிராகப் போராடத் தொடங்கிய மக்கள், பிறகு மரம் நட்டார்கள், தனியாக வாழும் முதியவர்களைக் கவனித்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள், தங்கள் பகுதிக்கான திட்டத்தைத் தாங்களே வரைந்தார்கள். 1995 ஜனவரி 17 அன்று நிலநடுக்கம் வந்து தீப்பிடித்தபோது, மானோவாசிகள் வாளிகளைக் கைமாற்றிக் கைமாற்றி, பகுதியிலிருந்த ஆலையின் தீயணைப்புக் குழுவோடு சேர்ந்து தீ பரவாமல் தடுத்தார்கள். அதே நகரில் மிகுரா என்ற பகுதியில் அப்படி ஒருங்கிணைந்த முயற்சி எழவில்லை. தீ அந்தப் பகுதியைத் தின்றது. இரண்டையும் ஒப்பிட்டு எழுதியவர் அரசியல் அறிவியலாளர் டேனியல் ஆல்ட்ரிச். மானோவில் மரம் நட்டவர்களில் எத்தனை பேர் இதெல்லாம் ஒருநாள் தீயணைக்க உதவும் என்று நினைத்திருப்பார்கள்? யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் வரிசையில் யாருக்குப் பக்கத்தில் யார் நிற்பது என்று அன்று காலை புதிதாகத் தீர்மானிக்க வேண்டிய நிலை அவர்களுக்கு இருக்கவில்லை.

சென்னைக்குத் திரும்புவோம். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரைபுரண்டபோது மின்சாரம் நின்றது, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. கேமராக்களும் கண்ணை மூடிக்கொண்டன. அந்த நேரத்தில் ஒரு தெருவுக்குத் தேவைப்பட்டவை என்னவென்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். தரைத்தளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர் எந்த வீட்டில்? டயாலிசிஸுக்குப் போய்வருபவர் யார்? இன்சுலினை ஐஸில் வைக்க வேண்டியவர் யார்? மொட்டை மாடிச் சாவி யாரிடம்? தண்ணீர் ஏறும் முன் கீழ்த்தள மீட்டர் பெட்டியின் மெயினை நிறுத்தத் தெரிந்தவர் யார்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கதவைத் தட்டினாலும் கேட்காத அளவுக்குக் காது மந்தமான தம்பதி எந்த மாடியில்? இவை எதுவும் மாநகராட்சிப் பதிவேட்டில் கிடையாது, காவல் நிலையத்திலும் கிடையாது. படகோடு வந்த மீனவர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். ஆனால் எந்த வீட்டுப் பக்கம் படகைத் திருப்புவது என்று சொல்ல அந்தத் தெருக்காரர் ஒருவர் வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் முடிச்சூரையும் மூழ்கடித்தபோதும் இதே கேள்விகள்தான். இந்தத் தகவல்களை அவசரத்தில் திரட்ட முடியாது. மருத்துவ முகாமுக்குப் பெயர் எழுதும்போது, பொங்கல் விழாவுக்கு நாற்காலி தேவைப்படும் பெரியவர்களை எண்ணும்போது, இவை தாமாகச் சேரும்.

கேமராவால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. சென்னையில் ஏ.கே. விசுவநாதன் காவல் ஆணையராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் பொதுமக்கள், வணிகர்கள், சங்கங்களின் பணத்தில் நகரம் முழுக்கக் கேமராக்கள் பெருகின. குற்றம் நடந்த பிறகு ஆளைப் பிடிக்க அவை கைகொடுத்தன. நாற்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஒரு மதிப்பீடும், கேமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்ததாகவே சொல்கிறது. ஆனால் அதன் உள்ளே போய்ப் படிக்க வேண்டும். பலன் அதிகம் தெரிந்தது வாகன நிறுத்துமிடங்களில். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. பதிவைத் தொடர்ந்து ஒருவர் கவனித்து உடனே ஆள் அனுப்பிய இடங்களில் பலன் கூடியது. அதாவது கேமராவுக்குப் பின்னால் எழுந்து வரக்கூடிய ஒரு மனிதர் தேவைப்படுகிறார். நம் தெருக்களில் கேமராவின் பெட்டி பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. திருட்டு நடந்த மறுநாள் அதைத் திறக்கிறார்கள்.

மார்கழிக் கோலப் போட்டியையே எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் வாசலில் குனிந்து கோலமிடும் பெண்ணிடம் பைக்கில் வந்து செயின் பறிப்பது நாம் செய்தித்தாளில் பலமுறை படித்தது. பறிப்பவர் தேடுவது ஆளில்லாத தெருவில் தனியாகக் குனிந்திருக்கும் ஒருவரை. போட்டி அறிவித்த வாரத்தில் ஒரே நேரத்தில் இருபது வாசல்களில் விளக்கு எரிகிறது. கலர்ப்பொடி தீர்ந்துபோய் எதிர்வீட்டில் கேட்கிறார்கள், பிள்ளைகள் யார் கோலம் பெரியது என்று பார்க்க ஓடுகிறார்கள், யாரோ காபி கொண்டுவருகிறார்கள். அந்தத் தெருவுக்குள் நம்பர் பிளேட் இல்லாத பைக் இரண்டாவது முறை வந்தால் இருபது தலைகள் நிமிரும். எந்தக் கேட்டும் இதைச் செய்ய முடியாது. போட்டி முடிந்த பிறகும் அந்த இருபது பேருக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்திருக்கும். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் டப்பாக்களின் விலை, ஒரு கேமராவின் விலையைவிடக் குறைவுதான்.

இங்கே ஒரு கடுமையான ஆட்சேபம் உண்டு. அக்கம்பக்கத்தின் பார்வை என்றதுமே இளம்பெண்களுக்கும், தனியாக வாடகைக்கு இருப்பவர்களுக்கும், சாதியோ மதமோ மாறி மணந்தவர்களுக்கும் நெஞ்சு படபடப்பது நியாயம். எத்தனை மணிக்கு வருகிறாள், யாரோடு வருகிறாள் என்று பார்ப்பதும் அந்தக் கண்கள்தான். அதைவிடக் கொடிய உதாரணமும் நம்மிடம் இருக்கிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிய நாட்களில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் போன சென்னைக் குடும்பத்தை ஊர்க்கூட்டம் அடித்தது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி இறந்துபோனார். அடித்தவர்களும் தங்கள் ஊரைப் பாதுகாப்பதாகத்தான் நினைத்தார்கள். அதிகாரத்தின் ஓரத்தைத் தொட்ட தன்னார்வலர்களின் கதையும் இருக்கிறது. 1993-இல் இராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’, மக்களையும் காவல்துறையையும் நெருங்கவைக்கும் நல்ல நோக்கத்தோடு வளர்ந்தது. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிக்கப்பட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவலில் இறந்தபோது அந்தப் பெயரிலும் புகார்கள் எழுந்தன. இயக்கம் அதை மறுத்தது. ஆனாலும் ஜூலையில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது.

இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டதனாலேயே நிகழ்ச்சிகளின் பக்கம் நிற்கிறேன். போளூரில் நடந்தது பழக்கத்தால் வந்ததல்ல, பயத்தால் வந்தது. முன்பின் தெரியாதவரைக் கண்டதும் ‘கடத்தல்காரர்’ என்று முடிவுகட்ட வைத்தது கைப்பேசியில் வந்த செய்தி. சங்கத்தின் ஒரே வேலை பாதுகாப்பு என்று ஆகும்போது, அதன் வாட்ஸ்அப் குழுவில் வருபவை எல்லாம் எச்சரிக்கைகளாகவே இருக்கும். சந்தேகத்துக்குரிய ஆள், புதிதாக நிற்கும் ஆட்டோ, பழைய பேப்பர்காரர் என்று நாள் முழுக்கப் பயத்தைக் குடித்தவர்கள் யாரையும் அடிக்கத் தயாராகிவிடுவார்கள். ஆகவே எல்லைகள் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். சங்கத்துக்காரர் யாரையும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது, அடையாள அட்டை கேட்கக் கூடாது, கையை வைக்கவே கூடாது. சந்தேகம் என்றால் காவல் நிலையத்துக்குச் சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வெளியூர் போகும் வீட்டைப் பற்றி நிலையத்தில் தகவல் சொல்லச் செய்யலாம், இரவு ரோந்து போலீஸார் வருகிறார்களா என்று கவனிக்கலாம். வயது வந்த ஒருவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்பது எந்தச் சங்கத்தின் கூட்டப் பொருளிலும் வரக் கூடாது. வந்தால் செயலாளர் அதைக் குறிப்பேட்டில் ஏற்ற மறுக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம்: இந்தச் சங்கங்கள் சொந்த வீட்டுக்காரர்களின் கழகங்கள். இதில் உண்மை அதிகம். சென்னையின் நடுத்தர வர்க்கச் சங்கங்களை ஆராய்ந்த ஜான் ஹாரிஸ் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார். கேரன் கோயல்ஹோவும் டி. வெங்கட்டும் 2009-இல் அதற்குப் பதில்போல ஒன்றைக் காட்டினார்கள்: ஏழைகள் வாழும் பகுதிகளிலும் தெருச் சங்கங்கள் உண்டு, அவையும் தண்ணீருக்கும் வடிகாலுக்கும் அலைகின்றன. ஆனால் இரண்டு வகைச் சங்கங்களும் ஒரே மேசையில் உட்காருவது அபூர்வம். ஒதுக்கிவைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையே சாட்சி. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டு மீனவக் கிராமங்களில் ஆய்வு செய்த அதே ஆல்ட்ரிச், ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த கிராமங்களுக்கு நிவாரணம் வேகமாகவும் நிறைவாகவும் போய்ச் சேர்ந்ததைக் கண்டார். அதே பஞ்சாயத்துகளின் பட்டியலிலிருந்து தலித்துகளும் விதவைகளும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் விடுபட்டதையும் கண்டார். ஒற்றுமை எங்கே வலுவாக இருந்ததோ அங்கேயே அதற்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் மிகவும் தனித்துப்போனார்கள்.

நகரத்துத் தெருவில் அப்படி வெளியே தள்ளப்பட்டவர்கள் யார்? வாடகைக்கு இருப்பவர்கள், மேன்ஷனிலும் மகளிர் விடுதியிலும் தங்கியிருப்பவர்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், இஸ்திரி வண்டிக்காரர், தூய்மைப் பணியாளர், கட்டுமானத் தகரக் கொட்டகையில் குடும்பத்தோடு இருக்கும் வடமாநிலத் தொழிலாளர். பாதுகாப்பு என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால்கூட இவர்களை விட்டுவிடுவது அறிவீனம். காலை ஆறு மணியிலிருந்து தெருவில் இருப்பவர்கள் இவர்கள்தான். சொந்த வீட்டுக்காரர் அலுவலகத்தில் இருக்கும் பகல் முழுவதும் இஸ்திரிக்காரர் அங்கேயே நிற்கிறார். மூன்று நாளாகப் பால் பாக்கெட் எடுக்கப்படாத வாசலை முதலில் பார்ப்பது வீட்டு வேலைக்கு வரும் பெண். அவரிடம் சங்கத்துக்காரர் எவருடைய செல் எண்ணும் இல்லை என்றால், அந்தச் சங்கம் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, சில இடங்களில் இவர்களையே சந்தேகப் பட்டியலில் முதலில் எழுதுகிறார்கள். அது அநியாயம், அதோடு ஆபத்து.

மூன்றாவது ஆட்சேபத்தைச் சொல்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. வரி கட்டுகிறோம், விளக்கு எரியவைப்பதும் வடிகாலைத் தூர்வாருவதும் அரசின் கடமை, சங்கம் அதைச் செய்தால் அரசு கையைக் கழுவிவிடும் என்கிறார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலரே இல்லாதபோது, தெருக்களின் குரலாக இருந்தவை பெரும்பாலும் இந்தச் சங்கங்கள்தான். அதைப் பெருமையாகச் சொல்வதைவிட வெட்கமாகச் சொல்ல வேண்டும். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழு அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-இல்தான் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில், நகரங்களில் பகுதி சபைகள் கூடின. 200 வார்டுகள் கொண்ட சென்னையில் ஒரு வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அத்தனை பேரின் தெருவிளக்கையும் ஒரு கவுன்சிலர் நினைவில் வைத்திருக்க முடியாது. எரியாத விளக்கின் கம்ப எண்ணோடு மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கும், பிறகு பகுதி சபைக்கும் எடுத்துப்போய், பதில் வரும்வரை விடாமல் கேட்பதுதான் சங்கத்தின் வேலை. மண்வெட்டியை எடுத்து வடிகாலில் இறங்குவது அதன் வேலையல்ல. நாற்பது கையெழுத்தோடு போகும் மனுவை ஒதுக்கிவைப்பது கடினம். அந்த நாற்பது கையெழுத்தும் கோலப் போட்டியில் பழகியவர்களிடமிருந்து ஒரே மாலையில் கிடைக்கும். பழகாத தெருவில் ஒரு மாதம் ஆகும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடுகிறது. அதற்கு முந்தைய பொதுக்குழுவில் சங்கங்கள் செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வாக்குரிமையுள்ள உறுப்பினர் இடம் தரும்படி துணைவிதியைத் திருத்த வேண்டும். சில சொந்த வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் வெள்ளம் வரும்போது தரைத்தளத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள், பல தெருக்களில் பதில் ‘வாடகைக்கு விட்டிருக்கிறோம்’ என்பதாகத்தான் இருக்கும். பிறகு இருவர், ஒருவர் சொந்த வீட்டுக்காரர், இன்னொருவர் வாடகைக்கு இருப்பவர், அவர்களில் ஒருவராவது பெண், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போக வேண்டும். அறுபது வீடு உள்ள தெரு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்துவிடும். எழுத வேண்டியது நான்கே: வெள்ளத்தில் தூக்கி இறக்க வேண்டியவர் உண்டா, நிறுத்தக் கூடாத மருந்தோ சிகிச்சையோ உண்டா, அவசரத்தில் அழைக்க வேண்டிய எண் எது, மாற்றுச் சாவி யாரிடம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. அந்த நோட்டு வாட்ஸ்அப்பில் ஏறக் கூடாது. தெருவின் இரண்டு முனைகளில் இரண்டு வீடுகளில், மேல்மாடியில், தண்ணீர் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வீடு மாறிப் போனவர்களின் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக வந்தவர்களின் கதவை அடுத்த செப்டம்பரில் மறுபடி தட்ட வேண்டும்.